ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் அரசு: தோற்றுப்போன வழக்கை ஏன் இன்னும் படிக்கிறோம்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்), வெள்ளி, மாலை 6.40

பணியில் இருந்த 32 ஆண்டுகளும் நீதிமன்றத் தட்டச்சராகவே கழிந்தன. பிறர் சொன்னதைத் தட்டினேனே தவிர, தட்டியதைப் படித்தது கிடையாது. ஓய்வு பெற்ற பிறகுதான் பழைய தீர்ப்புகளைப் படிக்கும் பித்துப் பிடித்தது. காலையில் காப்பி, பேப்பர், பிறகு 1950ஆம் வருடத்துத் தீர்ப்பு ஒன்று. வீட்டில் சிரிக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைப் புரட்டினால், அடிப்படை உரிமை பற்றிய பெரிய வழக்குகளில் திரும்பத் திரும்ப நம் மாகாணத்தின் பெயர் வருகிறது. ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் அரசு. ரொமேஷ் தாப்பர் எதிர் மெட்ராஸ் அரசு. மெட்ராஸ் அரசு எதிர் செண்பகம் துரைராஜன். மெட்ராஸ் அரசு எதிர் வி.ஜி. ராவ். நான்கில் அரசு ஜெயித்தது ஒன்றில்தான். அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்த இழை.

கோபாலன், மலபாரைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர். மலபார் அப்போது மெட்ராஸோடு இருந்தது. 1947 டிசம்பரிலிருந்தே உள்ளே இருந்தவர். வழக்குகளில் விதித்த தண்டனைகள் ரத்தான பிறகும் அவரை வெளியே விடவில்லை. 1950 பிப்ரவரியில், விசாரணை இல்லாமலே முன்கூட்டி ஒருவரை உள்ளே வைக்க வழி செய்யும் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. மார்ச் 1ஆம் தேதி அதன் கீழ் புதிய ஆணை ஒன்றைச் சிறைக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட நிறையவில்லை.

அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். விசாரித்தவர்கள் தலைமை நீதிபதி கனியா உள்ளிட்ட ஆறு பேர். உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றிப் பறிக்கக் கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. அந்த நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டாமா என்றார் நம்பியார். நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அதில் ஒரு நடைமுறையையும் எழுதிவிட்டால் போதும், அது நியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்றது பெரும்பான்மை. 19 (பேச்சு முதலான சுதந்திரங்கள்), 21, 22 (கைதும் காவலும்) ஆகிய பிரிவுகளைத் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அஞ்சறைப் பெட்டிபோல: கடுகு கடுகோடு, சீரகம் சீரகத்தோடு.

நடைமுறை பற்றிய இந்தக் கேள்வியில் நீதிபதி பசல் அலி மட்டும் ஒத்துப்போகவில்லை. நடைமுறை என்றால் அதற்குள் குறைந்தபட்சம் நான்கு இருக்க வேண்டும் என்றார்: முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான விசாரணை அமைப்பு, ஒழுங்கான விசாரணை முறை. பிரிவுகள் ஒன்றோடொன்று ஊடாடும் என்றும் எழுதினார். தீர்ப்பு 1950 மே 19. கோபாலன் தோற்றார்.

1970இல் வங்கிகள் தேசியமய வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து அந்த அஞ்சறைப் பெட்டியை உடைத்தார்கள். 1978 ஜனவரி 25இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருந்தே தீர வேண்டும் என்றார்கள். பசல் அலி சொன்னது 28 வருடம் கழித்துச் சட்டமானது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

தோற்ற தரப்பின் வாதமும் ஒற்றை நீதிபதியின் மறுப்பும்தான் கடைசியில் நின்றன என்பது என் எண்ணம். சரியா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேர்வுத்தம்பி, வெள்ளி, மாலை 7.05

ஐயா, வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். என் கையேட்டில், ‘கோபாலன் – குறுகிய விளக்கம், மேனகா – விரிந்த விளக்கம்’ என்று ஒரே வரியில் இருக்கிறது. இதற்கு மேல் கேட்பார்களா?

பொருநைக்கரை, வெள்ளி, மாலை 7.11

தேர்வில் கேட்க மாட்டார்கள் தம்பி. இங்கே நான் கேட்கிறேன்.

மாங்கனி நகரம், வெள்ளி, இரவு 8.30

ஐயாவின் பதிவில் மார்ச் 1 என்ற தேதியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் சேலத்துக்காரன்.

1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் மத்தியச் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள். பதினெட்டு நாள் கழித்து, அதே மார்ச் 1இல், மெட்ராஸ் அரசு இன்னோர் ஆணையும் போட்டது. பம்பாயில் அச்சாகிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது, விற்கக் கூடாது என்று. ஆக, கோபாலனின் காவல் ஆணையும் இந்த இதழின் தடை ஆணையும் ஒரே தேதி. நீதிமன்றம் இரண்டையும் தனித்தனியாக விசாரித்தது. ஆட்சியில் இருந்தவர்களின் மனநிலை ஒன்றுதான்.

இதழின் சார்பில் ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று மெட்ராஸ் அரசு ஆட்சேபித்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அடிப்படை உரிமைகளைக் காப்பது எங்கள் கடமை, அதற்காக நேராக வருகிறவரைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது. இன்று யார் வேண்டுமானாலும் 32ஆம் பிரிவின் கீழ் டெல்லிக் கதவைத் தட்டலாம் என்று பேசுகிறோமே, அதன் ஆரம்பம் அங்கேதான். (தட்டுவதற்கு ஆகும் செலவு வேறு கதை.)

தீர்ப்பு மே 26. பெரும்பான்மைக்காக எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, நம் ஊர்க்காரர். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அன்றைய 19(2) அனுமதித்தது அரசின் பாதுகாப்பு போன்ற பெரிய காரணங்களுக்குத்தான். ‘பொது ஒழுங்கு’ அந்தப் பட்டியலில் இல்லை. மெட்ராஸ் சட்டமோ பொது ஒழுங்கின் பேரில் தடை போட்டது. செல்லாது என்றார்கள். அதே நாளில் டெல்லியிலிருந்து வந்த ‘ஆர்கனைசர்’ வழக்கிலும் முன்தணிக்கை செல்லாது என்று தீர்ப்பு. ஒன்று இடதுசாரி இதழ், மற்றொன்று ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழ்.

இனி ஐயா கவனிக்க வேண்டியது. இந்த இரண்டு வழக்கிலும் மாறுபட்ட ஒரே நீதிபதி யார் தெரியுமா? பசல் அலியேதான். இரண்டிலும் தடையை ஆதரித்து எழுதினார். கோபாலன் வழக்கில் சிறைக்கதவைத் திறக்கப் பார்த்தவர், ஒரே வாரத்தில் பத்திரிகைக்குப் பூட்டுப் போடலாம் என்றார். கோபாலனைச் சிறையிலேயே இருத்திய பதஞ்சலி சாஸ்திரி பத்திரிகையைத் திறந்துவிட்டார்.

பொருநைக்கரை, வெள்ளி, இரவு 8.52

இரண்டு தீர்ப்பையும் படித்திருக்கிறேன். வெவ்வேறு மாதத்தில் படித்ததால் உறைக்கவில்லை. பசல் அலியை மனத்துக்குள் மாலை போட்டு உட்கார வைத்திருந்தேன். அதைக் கொஞ்சம் கழற்ற வேண்டியிருக்கிறது.

தென்குமரி, வெள்ளி, இரவு 9.10

இந்தப் பசல் அலிதானே பிறகு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் தலைவர்? எங்கள் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொன்னவரும் அவர்தான், தேவிகுளம் பீர்மேட்டைக் கேரளத்துக்கே விட்டவரும் அவர்தான். மாலையைப் பாதி கழற்றினால் போதும்!

நெறியாளர், வெள்ளி, இரவு 9.14

தேவிகுளம் பீர்மேடு பற்றிப் பேச ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அதில் பதினாறு பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே வேண்டாம், தயவுசெய்து.

கறுப்பங்கி, சனி, காலை 6.15

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். என் வழக்குகளில் பாதிக்கு மேல் ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது காவலில் இருப்பவரை விடுவிக்கக் கேட்கும் மனுக்கள். அதனால் கோபாலன் தீர்ப்பு எனக்குப் பழங்கதை இல்லை, அன்றாடம்.

தட்டச்சர் ஐயாவின் பதிவு அழகாக இருக்கிறது. ஆனால் சட்டக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே தவறு அதிலும் இருக்கிறது. கோபாலன் முழுக்கத் தோற்றார் என்பது உண்மை இல்லை. அந்தச் சட்டத்தில் 14ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒருவரை எதற்காகக் காவலில் வைத்தோம் என்று அவருக்குக் கொடுத்த காரணங்களை அவரே நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது, நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றது அது. மீறி வெளியிட்டால் தண்டனை. யோசித்துப் பாருங்கள்: கையில் காகிதம் இருக்கிறது, நீதிபதி எதிரே இருக்கிறார், காட்டக் கூடாது.

அந்தப் பிரிவு செல்லாது என்று ஆறு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். பசல் அலி மட்டும் இல்லை, கனியா, சாஸ்திரி எல்லோரும். அந்த ஒரு பிரிவு வீழ்ந்ததால் கோபாலன் விடுதலையாகவில்லை. மற்ற பிரிவுகள் நின்றன. அதனால்தான் பாடநூல்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன.

என் பிழைப்பே அந்த ஒரு வரியில்தான் நடக்கிறது. 1982ஆம் வருடத்து 14ஆம் எண் சட்டம், ஊரார் சொல்வதுபோல் குண்டர் சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ ஆணை போடலாம். ஐந்து நாளுக்குள் காரணங்களைக் கொடுக்க வேண்டும், பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், பிறகு அறிவுரைக் குழுமம். அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் உள்ளே வைக்கலாம். விசாரணை கிடையாது, தண்டனை கிடையாது, சாட்சி கிடையாது.

இந்த ஆணைகளை நாங்கள் எப்படி உடைக்கிறோம்? ‘என் கட்சிக்காரர் நல்லவர்’ என்று சொல்லி இல்லை. காரணங்களோடு கொடுத்த ஆவணப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்ப்போம். ஒரு பக்கத்தின் நகல் மங்கலா? முதல் தகவல் அறிக்கையில் ஒரு தேதி, காவல் ஆணையில் இன்னொரு தேதியா? தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கில ஆவணத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் கொடுத்தார்களா? அவர் அனுப்பிய முறையீடு யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது? இவற்றில் ஒன்று கிடைத்தால் ஆணை ரத்து. புரியும் மொழியில் கொடுக்காத காரணம் கொடுக்காததற்குச் சமம் என்று ஹரிகிசன் வழக்கில் 1962லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

இந்தப் புத்தகத்தை நீதிபதியின் மேசையில் வைக்க முடிவதே 1950இல் அந்த 14ஆம் பிரிவு போனதால்தான். மறுப்புத் தீர்ப்பைக் கொண்டாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பலிக்க 28 வருடம் பிடித்தது. இது அன்றைக்கே பலித்தது.

பொருநைக்கரை, சனி, காலை 7.30

அம்மா, வணக்கம். எழுந்து போய்த் தீர்ப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது ஒவ்வொரு தீர்ப்புரையிலும் இருக்கிறது. நான்தான் ‘யார் ஜெயித்தார்’ என்ற கண்ணோடு படித்திருக்கிறேன்.

கள்ளிக்காட்டான், சனி, காலை 10.20

எல்லோரும் ஆனந்தமாகப் பேசிக்கொண்டிருப்பதால் ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன். இருபத்திரண்டு வயது. அடிதடி வழக்கு ஒன்றில் ஜாமீன் கிடைக்கப்போகிறது என்று தாய் பிரியாணிக்கு அரிசி வாங்கி வைத்திருந்தார். அதற்குள் குண்டர் சட்டம் பாய்ந்தது. அம்மா சொல்கிறார்களே அதே மங்கல் பக்கம்தான், அதை வைத்துத்தான் ஆணை உடைந்தது. எப்போது? ஏழாவது மாதம். பார்த்த வேலை போயிருந்தது, தங்கையின் நிச்சயம் நின்றிருந்தது. உயர் நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்றும் சொல்லவில்லை, குற்றவாளி என்றும் சொல்லவில்லை. 84ஆம் பக்கம் படிக்க முடியவில்லை என்று சொன்னது. இதற்குப் பெயர் சிவில் உரிமையா?

அப்புறம் டி.கே. பாசு வழக்கு. 1996இல் வந்தது. கைது செய்தால் குறிப்பாணை எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று பதினொரு கட்டளை. 24 வருடம் கழித்து 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் செத்தார்கள். பொருநைக்கரை ஐயாவுக்கு அந்த ஊர் தூரமில்லை. தீர்ப்புகள் அரசியலமைப்பை மாற்றியிருக்கலாம். லாக்கப்பின் சுவரைத் தாண்டி உள்ளே போனதா?

கறுப்பங்கி, சனி, மதியம் 1.45

கள்ளிக்காட்டான் சொல்வதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஏழு மாதம் என்பது எனக்குத் தெரிந்த கணக்குதான். பல மனுக்கள் விசாரணைக்கு வருவதற்குள் பாதிக் காலம் போய்விடுகிறது. அரசுக்கும் அது தெரியும். ஆணை கடைசியில் நிற்குமா என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை, ஆறு மாதம் உள்ளே இருந்தால் போதும். இதைக் கோபாலன் தீர்ப்பின் மறுபக்கம் என்றே சொல்வேன். தடுப்புக் காவலே கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை, பசல் அலியும் சொல்லவில்லை. 22ஆம் பிரிவு அதை அரசியலமைப்புக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டது. அதனால் நாங்கள் கட்டடத்தை இடிக்க முடியாது, செங்கல்லைத்தான் உருவுகிறோம்.

சாத்தான்குளம் பற்றி ஒன்று மட்டும். மதுரைக் கிளை அந்த வழக்கைத் தானாக எடுத்தது. விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட்டுக்குக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொன்னது. அப்படி ஓர் உத்தரவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இறந்தவர்கள் திரும்பி வரவில்லை, அதுவும் உண்மை.

தேர்வுத்தம்பி, சனி, மதியம் 2.20

அம்மா, ஒரு சந்தேகம். ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற சொற்றொடர் ஜப்பான் அரசியலமைப்பிலிருந்து வந்தது என்று கையேட்டில் இருக்கிறது. ஏன் அமெரிக்கச் சொல்லை எடுக்கவில்லை?

பொருநைக்கரை, சனி, மாலை 4.00

இதற்கு நான் பதில் சொல்கிறேன், அம்மாவுக்கு ஓய்வு கொடுப்போம். முதல் வரைவில் அமெரிக்கச் சொற்றொடரே இருந்தது, முறையான சட்ட நடைமுறை என்ற பொருளில். அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி பிராங்க்பர்டரைச் சந்தித்தார். அந்தச் சொல்லை வைத்தால் நாலு நீதிபதிகள் சேர்ந்து மக்கள் சபை போட்ட சட்டத்தைத் தூக்கி எறிவார்கள், எங்கள் அனுபவம் அது என்றார் அவர். திரும்பி வந்ததும் சொல் மாறியது. அவையில் பலருக்கு அதில் கோபம். பிறகு அம்பேத்கர், விட்டதை ஈடுகட்டும் விதமாக, கைதானவருக்கான பாதுகாப்புகளை ஒரு தனிப் பிரிவாகக் கொண்டுவந்தார். இன்றைய 22 அதுதான். அம்மா சொன்ன செங்கல்லும் அதில்தான் இருக்கிறது, தடுப்புக் காவலும் அதில்தான் இருக்கிறது. வீட்டுக்குக் காவல் வைக்கப் போய்த் திருடனுக்கும் திண்ணையில் இடம் கொடுத்த கதை.

முதல்தலைமுறை, சனி, இரவு 8.15

ஐயா நான்கு வழக்கின் பெயரைச் சொல்லிவிட்டு மூன்றாவதைத் தொடவே இல்லை. தொட்டால் சண்டை வரும் என்ற பயமா?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர் என் தாய். அதனால் செண்பகம் துரைராஜன் வழக்கு எனக்கு வெறும் வழக்கு எண் இல்லை. நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய வகுப்புவாரி ஆணை. மருத்துவம், பொறியியல் இடங்களில் பதினான்குக்கு ஆறு பிராமணரல்லாத இந்துக்கள், இரண்டு பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், இரண்டு பிராமணர், இரண்டு ஹரிஜனர், ஒன்று ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும், ஒன்று முஸ்லிம். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று செண்பகம் வழக்குப் போட்டார். அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு தெரிந்தது, தீர்ப்பிலேயே இருக்கிறது. அரசு அதைப் பெரிதாக்கவில்லை. பொறியியலுக்கு விண்ணப்பித்த இன்னொரு மனுதாரரின் வழக்கும் சேர்ந்து நடந்தது.

உயர் நீதிமன்றத்தில் 1950 ஜூலையில் ஆணை வீழ்ந்தது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு பேரும் அதை உறுதி செய்தார்கள். இங்கே பெரியார் தெருவில் இறங்கினார், மாணவர்கள் இறங்கினார்கள், காங்கிரஸுக்குள் காமராஜர் பக்கத்திலிருந்தும் டெல்லிக்கு அழுத்தம் போனது. ஜூன் 18இல் முதல் திருத்தம். கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிறந்தது. எண்ணிப் பாருங்கள், சரியாக 70 நாள்.

ஐயாவின் கட்சி ‘தோற்றவர் நிலைத்தார்’ என்பது. இங்கே தோற்றது மெட்ராஸ் அரசு, நிலைத்ததும் அதன் நிலைப்பாடு. ஆனால் நிலைக்க வைத்தது எந்த நீதிபதியின் மறுப்புத் தீர்ப்பும் இல்லை, அந்த வழக்கில் மறுப்பே கிடையாது. வைத்தது தெரு.

மயிலைவாசி, சனி, இரவு 9.05

சண்டைக்கு வரவில்லை. ஒரு மறுபக்கம் மட்டும்.

அந்தத் தீர்ப்பை நீதிபதிகளின் வன்மம் என்று பலர் எழுதுகிறார்கள். பிரிவுகளை வரிசையாகப் படியுங்கள். வேலைவாய்ப்புக்கு 16(4) இருந்தது, பிற்படுத்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கலாம் என்று. கல்விக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. 29(2)வோ மதம், இனம், சாதி, மொழி மட்டும் காரணமாக இடம் மறுக்கக் கூடாது என்றது. அதே நாளில் வெங்கடரமணா வழக்கு என்று ஒன்று, முன்சீப் வேலை பற்றியது. அதில் ஹரிஜனருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கியது செல்லும், மற்றப் பங்கீடு செல்லாது என்றார்கள். 16(4) இருந்ததால் அங்கே அப்படி முடிந்தது. வன்மம் என்றால் இரண்டையும் அல்லவா அடித்திருப்பார்கள்? வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரே உயர் நீதிமன்றத்தில் ஆணைக்கு எதிராக வாதாடினார்.

முதல்தலைமுறை, சனி, இரவு 9.40

வன்மம் என்று நான் எழுதவில்லையே. ஓட்டை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எழுதியவரே வந்து ஓட்டையைக் காட்டி வாதாடினார் என்பதை நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. போகட்டும். தீர்ப்பில் நான் ஏற்காத இடம் ஒன்று உண்டு. பலவீனமான பிரிவினரின் கல்வி நலனைக் காக்கச் சொல்லும் 46ஆம் பிரிவைக் காட்டி அரசு வாதாடியது. வழிகாட்டும் நெறிகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டு நடக்க வேண்டியவை என்று ஒதுக்கிவிட்டார்கள். பின்னால் வந்த நீதிமன்றங்களே அந்தப் பார்வையைத் தளர்த்திக்கொண்டன.

மாங்கனி நகரம், ஞாயிறு, காலை 9.00

இதில் ஒரு சங்கடம் உண்டு, யாரும் தொடவில்லை. 15(4)ஐக் கொண்டுவந்த அதே முதல் திருத்தம்தான் 19(2)இல் ‘பொது ஒழுங்கு’ என்பதையும் சேர்த்தது. ரொமேஷ் தாப்பர் ஜெயித்த ஜெயத்தை அதுவே அழித்தது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை நீதிமன்றத்திடமிருந்து காக்க ஒன்பதாவது அட்டவணையும் அதில்தான். மூன்றும் ஒரே பொட்டலம். இட ஒதுக்கீட்டுக்காக அந்தத் திருத்தத்தைக் கும்பிடுகிறவன், பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அதைத் திட்டவும் வேண்டும். நான் இரண்டையும் செய்கிறேன். கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் 19(2)க்குள் நுழைந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ‘நியாயமான’ என்பதற்கு அளவுகோல் கொடுத்தது ஐயாவின் நான்காவது வழக்கு. வி.ஜி. ராவ், மெட்ராஸ் பாரிஸ்டர். அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விக் கழகத்தை அரசிதழில் ஓர் அறிவிப்பு போட்டுச் சட்டவிரோதச் சங்கம் ஆக்கினார்கள். நேரில் யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. அரசிதழை யார் படிக்கிறார்கள்? சங்கம் தடைசெய்யப்பட்டது தெரியாமலே ஒருவர் உறுப்பினராக இருந்து கைதாகலாம். 1952 மார்ச் 31இல் அது செல்லாது என்றார் பதஞ்சலி சாஸ்திரி, அப்போது அவர் தலைமை நீதிபதி. எந்த உரிமை, எவ்வளவு கட்டுப்பாடு, எந்தத் தீமைக்காக, எந்த அளவுக்கு, அன்றைய நிலைமை என்ன என்று வழக்குக்கு வழக்கு எடைபோட வேண்டும் என்று எழுதினார். இன்றுவரை அந்தத் தராசுதான்.

கூடலூர் மலை, ஞாயிறு, காலை 11.30

ஒன்பதாவது அட்டவணை என்றதும் வந்தேன். அந்தக் கதை முடிந்தது எங்கள் ஊரில். கூடலூர் ஜன்ம நிலங்களை (ஜன்மிகள் என்ற பரம்பரை உடைமையாளர்களின் நிலங்களை) எடுக்கும் 1969ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தில், காட்டு நிலங்களை அரசு எடுத்துக்கொண்டதை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1974இல் அந்தச் சட்டத்தைத் தூக்கி ஒன்பதாவது அட்டவணைக்குள் போட்டார்கள். போட்டுவிட்டால் நீதிமன்றம் தொடாது என்று கணக்கு. 2007 ஜனவரி 11இல், ஐ.ஆர். கோயலோ எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு உள்ளே போட்டவற்றை, திருத்தத்தாலும் அழிக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்ப்போம். 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டமும் 1994இல் அந்த அட்டவணைக்குள் போனதுதான். ஆக, செண்பகத்தில் தொடங்கிய நூல் எங்கள் தேயிலைக் காட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி முதல்தலைமுறை வீட்டு வாசலுக்கே வருகிறது.

எங்கள் பக்கத்தில் அந்த நிலங்களில் குடியிருக்கும் பலருக்குப் பட்டா இன்னும் வரவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

பொருநைக்கரை, ஞாயிறு, மாலை 5.20

ஒரு கேள்வியோடு வந்தேன். அது இப்போது நான் கேட்ட வடிவத்தில் இல்லை. மறுப்புத் தீர்ப்புதான் நிற்கும் என்று நினைத்தேன். பசல் அலிக்குப் பலித்தது. 1976இல் நெருக்கடி நிலையின்போது ஜபல்பூர் வழக்கில் எச்.ஆர். கன்னா தனியாக எழுதியதும் பலித்தது. நெருக்கடி நிலையிலும் காவலை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொன்னதை நான்கு பேர் புரட்டியபோது அவர் மட்டும் நின்றார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. 2017இல், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் அந்த நான்கு பேரின் தீர்ப்பை ரத்து செய்து எழுதியவர்களில், அந்த நால்வரில் ஒருவருடைய மகனும் உண்டு. இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டுதான் இழையைத் தொடங்கினேன்.

ஆனால் கிராஸ் ரோட்ஸ் வழக்கில் பசல் அலியின் மறுப்பு பலித்ததும் அதே விதத்தில்தானே? ஓராண்டு கழித்து அவர் பக்கம் நாடாளுமன்றமே சாய்ந்தது. அதைப் பலித்ததென்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. என் கணக்கு இங்கே உதைக்கிறது. விட்டுவிடுகிறேன்.

தேர்வுத்தம்பி, ஞாயிறு, மாலை 6.45

ஐயா, அம்மா, கையேட்டில் ‘கோபாலன் – குறுகிய விளக்கம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘14ஆம் பிரிவு செல்லாது, ஆறு பேரும்’ என்று பேனாவால் எழுதிக்கொண்டேன். இந்த 84ஆம் பக்கம் மாதிரி வழக்கில், பக்கம் மங்கல் என்று யார் முடிவு செய்வார்கள்? நீதிபதியே படித்துப் பார்ப்பாரா?

கறுப்பங்கி, ஞாயிறு, இரவு 10.10

ஆமாம் தம்பி, அவரே பார்ப்பார். சில நீதிபதிகள் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். அரசு வழக்குரைஞரிடம் நீட்டி, நீங்கள் வாசியுங்கள் என்பார்கள். அவருக்கும் முடியாவிட்டால் அத்தோடு முடிந்தது.

நாளைக்கு எனக்கு இரண்டு மனு பட்டியலில் இருக்கிறது. ஒன்றில் 112ஆம் பக்கம், காயச் சான்றிதழின் நகல். நானும் என் ஜூனியரும் ஒரு மணி நேரமாகப் பார்க்கிறோம். தேதி மட்டும் தெரிகிறது, டாக்டர் என்ன எழுதினார் என்று தெரியவில்லை. பையன் உள்ளே போய் ஐந்து மாதம் ஆகிறது. தூங்கப் போகிறேன்.